மாமன் மடி

என் வலது முட்டி மடங்காது. பம்புசெட் தொட்டியில் விழுந்து அப்படி ஆனதாக என் தங்கையைக் கட்டிக் கொடுத்த வீட்டில் சொல்லி வைத்திருக்கிறது. சொன்னவர் அப்பா. பூங்குழலிக்கு வரன் பார்த்தபோது அவருக்கு வேறு வழி தெரியவில்லை. எனக்கு ஹீமோஃபீலியா. ரத்தம் லேசில் உறையாது. அடிபடாமலே மூட்டுக்குள் கசிந்து வீங்கும். இதை வெளியே சொன்னால் பெண்ணை யார் எடுப்பார்கள்? அப்பாவும் அம்மாவும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அவர்கள் சொன்ன பொய் மட்டும் தங்கை வாழ்க்கைப்பட்ட பாடாலூரில் சௌக்கியமாக இருக்கிறது.

நான் அரியலூரில் ஜெராக்ஸ் கடை வைத்து, பின்னாலுள்ள அறையிலேயே குடியிருக்கிறேன். முட்டி வீங்கினால் ஷட்டரை இறக்கிவிட்டு, ஆட்டோ பிடித்து அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டுக்கொள்வேன். திரும்பி வந்து ஐஸ் கட்டிக்கொண்டு படுத்திருப்பேன். மறுபடி கடை திறந்ததும், "என்ன பரணி, ஊருக்குப் போயிட்டியா?" என்பார்கள். ஆமாம், ஊட்டிக்கு என்பேன்.

ரத்த உறைவுக் குறைபாடு பற்றி ஆராய்ச்சி செய்யும் டாக்டர் ஷாலினி மேரி ஒருநாள் அந்த ஆஸ்பத்திரியில் என் குடும்பத்தைப் பற்றித் துருவித் துருவிக் கேட்டார். தங்கைக்குப் பையன் பிறந்திருக்கிறான் என்றதும் நிமிர்ந்து பார்த்தார்.

"இது அம்மா வழியா பையனுக்கு வர்றதுங்க. வராமலும் இருக்கலாம். ஆனா டெஸ்ட் பண்ணாம காதெல்லாம் குத்திடாதீங்க."

அன்றே பூங்குழலிக்குப் போன் செய்தேன்.

"அவன் அவங்க வூட்டுப் புள்ளண்ணே. அவங்க குலம். நம்ம வூட்டு நோவு அவனுக்கு எப்படி வரும்?" என்றாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "காதுகுத்துக்கு நாள் வச்சாச்சு. வந்து மடியில உக்கார வச்சுக்க. வேற எதுவும் பேசிடாத. என் பொழப்பே போயிடும்."

தோடு மாமன் வீட்டிலிருந்து வர வேண்டுமாம். மடியும் மாமனுடையதாக இருக்க வேண்டுமாம். நோய் மட்டும் வராதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனாலும் தோடு வாங்கினேன். நேரில் பேசி நிறுத்திவிடலாம் என்று நினைத்தேன். அதைவிட, என்னை ஒருவர் வா என்று கூப்பிட்டு எவ்வளவு காலமாகியிருந்தது!

ரஞ்சன்குடிப் பக்கம் அவர்களுடைய குலதெய்வக் கோயில். பேச நினைத்த போதெல்லாம் பூங்குழலி கண்ணாலேயே கெஞ்சினாள். அவள் கணவர் அறிவழகன், "மச்சானுக்கு சேர் போடுங்கப்பா" என்று ஓடியாடி உபசரித்தார். மாலை போட்டார்கள். குழந்தையை என் மடியில் வைத்தார்கள். கொழுகொழுவென்று, என் சட்டைப் பொத்தானைக் கடித்தான். ஒரு நிமிஷம் எல்லாவற்றையும் மறந்துவிட்டேன்.

அவன் நெளிந்ததில் சட்டை மேலேறியது. விலாவில் நீலநீலமாகத் திட்டுகள். தூக்கியவர்களின் விரல்கள் அப்படியே பதிந்திருந்தன. சின்ன வயதில் என் உடம்பும் இப்படித்தான் இருந்தது. பூங்குழலி அவசரமாகச் சட்டையை இழுத்துவிட்டாள். அவளும் பார்த்திருக்கிறாள்.

ஆசாரி கம்பியை எடுத்தார். நான் குழந்தையின் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டேன்.

"குத்தாதீங்க. என் நோவு இவனுக்கும் வந்துருக்கும் போல. ரத்தம் நிக்காது. நான் பம்புசெட்டுல விழுவல."

மேளம் நின்றது. ஆசாரி கம்பியைக் கீழே வைத்துவிட்டார். பூங்குழலியின் மாமியார் பச்சையம்மாள் குழந்தையைத் தூக்க வந்தார். "அழுத்தாம தூக்குங்கம்மா" என்றேன்.

"அப்ப ஏமாத்தித்தான் பொண்ணக் குடுத்தீங்களா?" என்று கத்தினார்.

பூங்குழலி அழவில்லை. "இனிமே என் வூட்டு வாசப்படி மிதிக்காத" என்று மட்டும் சொன்னாள்.

பஸ்ஸில் கண்டக்டர், "என்ன சார், கல்யாணமா?" என்றார். அப்போதுதான் மாலையைக் கழற்றவில்லை என்று தெரிந்தது.

அதன்பிறகு போன் வரவில்லை. நான் போட்டால் அவள் எடுப்பதில்லை. இருந்த ஒரே சொந்தத்தையும் நானே அறுத்துக்கொண்டேனே என்று குமைந்துகிடந்தேன்.

மழை பெய்த ஒரு காலையில் கடை வாசலில் வந்து நின்றாள். இடுப்பில் குழந்தை, அதன் வாயில் சிவந்த துணி.

"பல்லு மொளைச்ச எடத்துல ரத்தம் நிக்கவே மாட்டேங்குதுண்ணே."

ஷட்டரை இறக்கினேன். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்க நர்ஸ் வந்தார். பூங்குழலி குழந்தையை என் மடியில் வைத்தாள். ஊசி ஏறியது. அவன் வீறிட்டான். பஞ்சை வைத்து நான்தான் வெகுநேரம் அழுத்திப் பிடித்திருந்தேன்.

டாக்டர் ஷாலினி மேரி ரிசல்ட்டைச் சொன்னபோது எனக்கு ஆச்சரியம் இல்லை. இந்த நோயோடு தனியாகக் கிடந்த எனக்கு ஒரு துணை கிடைத்திருந்தது. அது எனக்கு வேண்டாம்.

ஊசி மருந்து ஏறி ரத்தம் நின்று, குழந்தை தூங்கிவிட்டான். பூங்குழலி என் முட்டியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எப்படிண்ணே வலிக்கும்?"

அப்பாவோ அம்மாவோ அவளோ ஒருநாளும் என்னிடம் கேட்காத கேள்வி அது. இப்போதும் அவள் எனக்காகக் கேட்கவில்லை என்று தெரியும். பரவாயில்லை. முட்டியிலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன்.