பேனரில் ஏறிய முகங்கள்

கிருமாம்பாக்கத்து அரிகிருஷ்ணனுக்கு எது நடந்தாலும் பேனர் வைத்தாக வேண்டும். மச்சான் மகனுக்குக் காது குத்தினால் பேனர். பெற்றோர் ஆசிரியர் சங்கத்தில் தான் துணைத் தலைவர் ஆனதற்கு ஒரு பேனர். அந்தச் சங்கத்தில் அப்படி ஒரு பதவியே கிடையாது என்பது வேறு விஷயம். பேனர் வைக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. ஆனால் அதை மீறாத ஒருவனை அந்தப் பக்கத்தில் யாரும் பெரிய மனிதன் என்று ஒப்புக்கொள்வதில்லை. தொழில் மனை புரோக்கர். முழங்கால் தண்ணீர் நிற்கிற வயலைக் காற்றோட்டமான மனை என்று சொல்லி விற்கத் தெரிந்த வாய் அவருடையது.

அந்த வாய் ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் பூட்டுப் போட்டுக்கொண்டிருந்தது. அவர் மகள் சத்யா, காலேஜில் இரண்டாம் வருஷம் படித்துக்கொண்டிருந்தவள், ஒரு திங்கட்கிழமை இனிமேல் போகமாட்டேன் என்று படுத்தாள். ஆறேழு மாசம் சுவரைப் பார்த்துப் படுத்தது படுத்தபடி கிடந்தாள். சாப்பாடு குறைந்தது, குளியல் நின்றது, பேச்சும் நின்றது. கேட்டவர்களுக்கு அரிகிருஷ்ணன் மஞ்சள் காமாலை என்றார். இத்தனை மாசமாகவா காமாலை என்று கேட்டவர்களுக்கு, இது புது மாதிரிக் காமாலை என்றார். மந்திரித்தார்கள், தாயத்துக் கட்டினார்கள். கடைசியில் அவர் மனைவி முத்துலட்சுமிதான் புருஷனை ஒரு வார்த்தை கேட்காமல் மகளை பஸ் ஏற்றி அரியூர் மெடிக்கல் காலேஜுக்கு அழைத்துப் போனாள். பக்கத்திலேயே ஆஸ்பத்திரி இருந்தும் அவ்வளவு தூரம் போனதற்குக் காரணம், அங்கே தெரிந்த முகம் இருக்காது என்பதுதான். மாத்திரை, டாக்டரோடு பேச்சு, மறுபடியும் மாத்திரை என்று நாள் ஓடியது. ஒரு நாள் காலையில் சத்யா தானாக எழுந்து, தலைக்கு ஊற்றிக்கொண்டு வந்து, பசிக்கிறது என்றாள். முத்துலட்சுமி அடுப்பங்கரையில் நின்று அழுதாள்.

அதற்குப் பிறகு ஒரு தொண்டு நிறுவனத்தார் ஊருக்கு வந்தார்கள். மனசு சரியில்லாத இளம்பிள்ளைகளுக்கு, அதே பாட்டைப் பட்டு எழுந்து வந்த இன்னொரு இளம்பிள்ளைதான் நல்ல துணை என்பது அவர்கள் கணக்கு. சத்யாவுக்குப் பயிற்சி கொடுத்தார்கள். ஞாயிற்றுக்கிழமைதோறும் சமுதாயக் கூடத்து மாடியில் அவள் தலைமையில் ஐந்து பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து பேசினார்கள். அங்கே ஒரே ஒரு சட்டம்: இங்கே பேசியது இங்கேயே இருக்கும். யார் வந்தார்கள் என்பதும் வெளியே போகாது.

வீட்டாரும் கூட நிற்க வேண்டும் என்று, பெற்றோரில் ஒருவருக்குக் ‘குடும்பக் குரல்’ என்று பட்டம் கொடுத்தார்கள். குரல் என்ற சொல் காதில் விழுந்ததும் அரிகிருஷ்ணன் கையைத் தூக்கிவிட்டார். முத்துலட்சுமியை யாரும் கேட்கவில்லை. பாகூரில் நடந்த முதல் கூட்டத்தில் மைக்கைப் பிடித்தவர், நானும் என் மகளும் சேர்ந்து இந்த நோயை எப்படி ஓட ஓட விரட்டினோம் தெரியுமா என்று ஆரம்பித்தார். முன் வரிசைப் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். காமாலைக் கதை அந்தப் பேச்சில் வரவில்லை. முத்துலட்சுமி ஏறிய பஸ்ஸும் வரவில்லை. மறைத்தபோதும் தன் மானத்துக்காகத்தான் மறைத்தார்; முழங்கும்போதும் தன் மானத்துக்காகத்தான் முழங்கினார். நடுவில் மகள் ஒருத்தி இருந்தாள்.

கூட்டம் ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகப்போகிறது என்றதும் அரிகிருஷ்ணனின் கை அரித்தது. பிள்ளைகளுக்குப் போண்டா கொண்டுபோகிற சாக்கில் மாடி ஏறி, வாசலில் நின்று மகளைப் போட்டோ எடுப்பதுபோல் எல்லாரையும் சேர்த்து எடுத்துக்கொண்டார். அடுத்த சனிக்கிழமை விடிந்தபோது கடலூர் ரோட்டில், பஸ் நிற்கிற இடத்துக்கு நேர் எதிரே, லாரியை மறைக்கிற அகலத்துக்கு ஒரு பேனர் நின்றது.

முறைப்படி எல்லாம் இருந்தது. பாதி பேனரை ‘வருங்கால எம்.எல்.ஏ.’ அரங்கநாதன் கும்பிட்ட கையோடு நிறைத்திருந்தார். பெரிய ஆள் படம் இல்லாத பேனரை எவனும் ஏறிட்டுப் பார்க்கமாட்டான் என்பது அரிகிருஷ்ணனின் சித்தாந்தம். நடுவில் கொட்டை எழுத்தில், ‘மனநோயை மண்டியிட வைத்த மாபெரும் சக்தியே! மறுவாழ்வு பெற்று வந்த மாணிக்கமே! வருக, வருக!’ அதற்குக் கீழே, அரங்கநாதனின் முழங்கை அளவுக்கு, சத்யா. அடி வரிசையில் ‘நோயை வென்று வரும் இளஞ்சிங்கங்கள்’ என்று ஐந்து முகங்கள். பெயர் மட்டும் போட்டால் அடையாளம் தெரியாமல் போய்விடுமோ என்று அப்பன் பெயரும் தெருப் பெயரும் சேர்த்திருந்தார். மூலையில் கறுப்புக் கண்ணாடியுடன், ‘இவண்: குடும்பக் குரல் அரிகிருஷ்ணன்’.

அவர் எதிர்ப்பக்கம் டீக்கடையில் நின்று அழகு பார்த்தார். முதல் புகார் சீக்கிரமே வந்தது. சிலம்பரசன் என்ற பையனின் அப்பா வந்து, என் மகன் ஏன் கடைசி ஆளாக இருக்கிறான், அவன் என்ன மற்றவர்களுக்குக் குறைந்தவனா என்று சண்டை பிடித்தார். அடுத்த வருஷம் முதலில் போட்டுவிடலாம் என்று அரிகிருஷ்ணன் சமாதானம் சொல்லி அனுப்பினார். அந்த மனிதரைக் கண்டு அவருக்குப் பெருமைதான் கூடியது.

இரண்டாவதாக வந்தவள் சத்யா. பேனரை ஒரு வரி விடாமல் படித்தாள். பிறகு, “அப்பா, அத எறக்கு” என்றாள்.

இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது, உங்கள் கூட்டத்தில்தானே வெட்கப்படக் கூடாது என்று சொல்லித் தருகிறீர்கள் என்று அவர் தன் கூட்டப் பேச்சை எடுத்துவிட்டார். அவள் முடிக்க விடவில்லை.

“எம் படத்த போட்டியே, அது போவட்டும். சுவேதா உன்ன இன்னாப்பா பண்ணா? வூட்டுக்குத் தெரியாம வந்துகினு இருந்தவ அவ. காலையிலேர்ந்து போன் ஆஃப்ல கீது.”

“நாளைக்கி சரியாயிடும் சத்யா. கொழந்த பயந்திருக்கும்.”

“அவ என்கிட்ட சொன்னத உன்கிட்ட சொல்ல முடியாது. எனக்குப் பயமா இருக்கு. அவ்ளோதான் சொல்லுவேன்.”

அவள் குரலில் கோபம் இருந்திருந்தால் அரிகிருஷ்ணன் பதிலுக்குக் கத்தியிருப்பார். இருந்தது பயம் மட்டுந்தான். அவர் டீ கிளாஸை வைத்துவிட்டு சுவேதாவின் வீட்டுக்கு நடந்தார்.

சுவேதாவின் வீடு மாதா கோயில் தெருவில் இருந்தது. அவள் அப்பா இன்னாசிமுத்து சென்ட்ரிங் மேஸ்திரி. அன்று வேலைக்குப் போகவில்லை. டேலி கணக்கு கிளாஸ் என்று சொல்லிவிட்டு எங்கே போய் உட்கார்ந்தாய் என்று, சுவேதாவின் மூடிய அறைக் கதவைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தார். அரிகிருஷ்ணனைக் கண்டதும் குரல் இறங்கிப் போயிற்று.

“ஊருக்கே எம் பொண்ணு பைத்தியம்னு எழுதி மாட்டிட்டியே. உனக்கு நா இன்னாய்யா பாவம் பண்ணேன்?”

அந்தக் கதவு உள்ளே தாழ்ப்பாள் போட்டிருந்தது. அதன் முன்னால் ஒரு தட்டில் இட்லி காய்ந்து கிடந்தது. சுவேதாவின் அம்மா கதவிலேயே சாய்ந்து உட்கார்ந்து, சுவேதா, சுவேதா என்று மெதுவாகக் கூப்பிட்டபடி இருந்தாள். இந்தத் தட்டை அரிகிருஷ்ணனுக்குத் தெரியும். தன் வீட்டில் ஆறேழு மாசம் இதே தட்டைத் தாண்டித் தாண்டித்தான் மனை காட்டப் போயிருக்கிறார். இன்னொரு வீட்டின் கதவு முன்னால் இதைத் தானே கொண்டுவந்து வைத்திருக்கிறோம் என்று நினைத்தபோது அவரால் அங்கே நிற்க முடியவில்லை. பேனரை எடுத்துவிட்டு வருகிறேன் என்று முனகிவிட்டுத் திரும்பினார்.

பேனர் வைப்பது சுலபம். அதில் ஒரு தலைவர் படத்தைப் போட்டுவிட்டால் அதை இறக்குவது அவ்வளவு சுலபமில்லை. அடியில் அரங்கநாதனின் வலது கையான எழிலரசன் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தான். நாளை ஞாயிற்றுக்கிழமை தலைவர் வருகிறார், வரும்போது படம் இல்லாமல் போனால் தொகுதியில் என்ன மரியாதை என்று கேட்டான். அரிகிருஷ்ணன் கெஞ்சினார். அவர் கெஞ்சி ஊரில் யாரும் பார்த்ததில்லை. டீக்கடையே எழுந்து நின்று பார்த்தது.

“மனநோய் ஒண்ணும் அசிங்கம் இல்லண்ணே. தலைவரே மேடையில சொல்லிக்கீறாரு. உம் பொண்ணு, அந்தப் புள்ளைங்க மூஞ்சி வோணாம்னா வெட்டி எடுத்துக்க. தலைவர் மேலயும், தமிழ் மேலயும் கை வெக்காத. அவ்ளோ அழகா எழுதிக்கீது.”

எழுதியது தான்தான் என்று சொல்லிக்கொள்ள அரிகிருஷ்ணனுக்கு அந்த நேரத்தில் வாய் வரவில்லை. பின்னாலிருந்து சத்யாவின் குரல் கேட்டது. அப்படியே செய்கிறோம் அண்ணே, தலைவரைத் தொடமாட்டோம் என்றாள். அவளோடு சிலம்பரசனும் மற்ற மூன்று பிள்ளைகளும் வந்திருந்தார்கள். அந்த மூன்று பேர் முகமும் வீங்கியிருந்தது. வீட்டுக்கு வீடு பூசை நடந்திருக்க வேண்டும். சிலம்பரசன் ஏணியைப் பிடித்தான். சத்யா கையில் அட்டை அறுக்கிற கத்தியோடு ஏறினாள்.

முதலில் சுவேதாவின் முகத்தை, அப்பன் பெயர், தெருப் பெயரோடு சேர்த்து அறுத்தாள். பிறகு மற்ற நால்வர். பிறகு தன் படத்தைத் தானே, எந்த அவசரமும் இல்லாமல், நான்கு பக்கமும் நேராக அறுத்து எடுத்தாள். இறங்கியதும் கத்தியை அப்பாவிடம் நீட்டினாள். அரிகிருஷ்ணன் மூலைக்குப் போய், வாழ்க்கையில் முதல்முறையாகத் தன் படத்தைத் தன் கையால் எடுத்தார்.

இப்போது பேனரில் மிச்சம் இருந்தது இரண்டு. கும்பிட்ட கையோடு அரங்கநாதன். பக்கத்திலேயே, மனநோயை மண்டியிட வைத்த மாபெரும் சக்தியே, மறுவாழ்வு பெற்று வந்த மாணிக்கமே, வருக, வருக.

எழிலரசனுக்குத்தான் கடைசியில் புரிந்தது. டீக்கடையில் ஒருவர் குடித்த டீயைத் துப்பிவிட்டார். கடலூர் பஸ் ஒன்று ஆள் ஏற்றிய பிறகும் கிளம்பாமல் நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து படித்தார். அரங்கநாதனுக்கா, எப்போதிலிருந்து, பாவம், வெளியே தெரியவே இல்லையே என்று ஒரு பெண்மணி உண்மையான அக்கறையோடு விசாரித்தாள். செல்போன்கள் வரிசையாக உயர்ந்தன. எழிலரசனின் போன் அடித்தது. அவன் எழுந்து நின்று பேசினான். இல்லண்ணே, ஆமாண்ணே, தோ எறக்கிடறேண்ணே என்பதற்கு மேல் அவனுக்குப் பேச வாய்ப்புக் கிடைக்கவில்லை. போனை வைத்த கையோடு சாரத்தில் ஏறி, தலைவரின் மூக்கிலிருந்தே கிழிக்க ஆரம்பித்தான்.

“அசிங்கம் இல்லன்னு சொன்னியேப்பா” என்றார் டீக்கடைக்காரர். ஒரு பக்கக் கயிறு அறுந்து, அரங்கநாதன் அவன் தலைமேலேயே சரிந்து மூடினார்.

சத்யா வேடிக்கை பார்க்க நிற்கவில்லை. மாதா கோயில் தெருவுக்கு நடந்தாள். அரிகிருஷ்ணன் பின்னாலேயே போனார். இன்னாசிமுத்து வாசலை மறித்து நின்றார். இந்த வீட்டுப் பெண்ணுக்கு ஒன்றும் இல்லை, நாலு அறை விட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்றார். அரிகிருஷ்ணன் மைக் இல்லாமல், கூட்டம் இல்லாமல், அவர் எதிரில் நின்று முதல்முறையாக உண்மையைப் பேசினார்.

“இன்னாசி, எம் பொண்ணு செவுத்த பாத்துப் படுத்திருந்தப்போ நா ஊருக்கு மஞ்சக்காமாலன்னு சொல்லிகினு திரிஞ்சேன். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனது நா இல்ல, எம் பொண்டாட்டி. நானும் ஒரு நாள் கைய ஓங்கினேன்யா. அத எங்கயும் சொன்னதில்ல. நீ என்ன அடிச்சிக்க. அந்தப் புள்ளய அடிக்காத.”

இன்னாசிமுத்து அடிக்கவில்லை. வழியும் விடவில்லை. ஆனால் அவர் சத்தம் நின்றது. அந்த இடைவெளியில் சத்யா அவர் கைக்கு அடியில் குனிந்து உள்ளே போய், சுவேதாவின் அம்மா பக்கத்தில், கதவில் முதுகைச் சாய்த்து உட்கார்ந்துவிட்டாள். அறுத்து எடுத்த சுவேதாவின் படத்தைக் கதவின் அடியில் உள்ளே தள்ளினாள். எல்லாவற்றையும் எடுத்தாகிவிட்டது என்றாள். மன்னிப்புக் கேட்டாள். நீ பேச வேண்டாம், நான் இங்கேயே உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். பிறகு, பேனரில் மிச்சம் நின்றது யார், அவர் தலைக்குப் பக்கத்தில் என்ன எழுதியிருந்தது, பஸ் ஏன் நின்றது என்று, கண்டக்டர் உட்பட ஒன்றையும் விடாமல் சொன்னாள். சொல்லி முடித்தும் வெகுநேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தாள்.

உள்ளேயிருந்து ஏதோ கேட்டது. அழுகை என்றுதான் சுவேதாவின் அம்மா பதறினாள். அழுகையும் இருந்தது, ஆனால் அதற்கு நடுவே சிரிப்பும் இருந்தது. தாழ்ப்பாள் விலகியது. சுவேதா கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்பாவைப் பார்க்கவில்லை. வாசலில் நின்ற அரிகிருஷ்ணனைத்தான் பார்த்தாள்.

“நா ஞாயித்துக்கெழம வர்றேன் மாமா” என்றாள். “நீங்க வராதீங்க.”

அது அவருக்கு நெஞ்சில் தைத்தது. தைத்த இடத்தைத் தடவிக்கொள்ளக் கூட அவருக்குத் தோன்றவில்லை. சரிம்மா என்று சொல்லிவிட்டு, அதற்கு மேல் ஒரு வார்த்தையும் சேர்க்காமல் தெருவில் இறங்கினார்.