ருஃபினோவின் துணிகள்

மலாகா கணவாயில் மூடுபனி இறங்கிவிட்டால் முன்னால் போகிற சைக்கிள்கூடத் தெரியாது. அன்றைக்கும் அப்படித்தான். வெளிநாட்டுப் பிள்ளைகள் நான்கு பேர் தலைக்கவசம் மாட்டிக்கொண்டு படம் எடுத்துத் தள்ளினார்கள். "பிரேக்கைத் தொட்டா பாவம்னு நினைக்காதீங்க. பள்ளத்துல விழுந்தா அள்ளிக்கிட்டு வர எனக்கு முதுகு இல்ல" என்றேன். சிரித்தார்கள். நான் நகைச்சுவையாகச் சொல்லவில்லை.

பின்னால் வண்டியில் பாத்திரம் பண்டங்களோடு வந்தவள் கசில்தா. இந்தப் பயணத்துக்கு அவள்தான் சமையல். அவள் புருஷன் ருஃபினோவும் நானும் எத்தனையோ வருஷம் சேர்ந்து ஆட்களை இந்த வழியாக மச்சு பிச்சுவுக்குக் கூட்டிப் போயிருக்கிறோம். அவர்கள் மகளுக்கு நான் ஞானத்தகப்பன். போன மழைக்காலத்தில், எங்கள் ஊர் ஒல்லாந்தாய்தம்போவைத் தாண்டி ஆற்றங்கரை சரிந்ததில், ருஃபினோ சைக்கிளோடு தண்ணீரில் விழுந்தான். சைக்கிள் கிடைத்தது. ஒரு கம்பிகூட வளையவில்லை. அவன் கிடைக்கவில்லை.

எங்கள் பக்கம் ஒருவர் இறந்தால், ஐந்தாம் நாள் அவர் துணிகளை ஆற்றில் துவைத்தாக வேண்டும். அப்போதுதான் உயிர் வீட்டைவிட்டுக் கிளம்பும். பெண்டாட்டி, பிள்ளை கை வைக்கக் கூடாது. என்னைப் போன்ற உறவுதான் செய்ய வேண்டும். நான் போய்க் கேட்டபோது கசில்தா கதவை மறித்து நின்றாள்.

"உடம்பைக் காட்டுங்கண்ணே. அப்புறம் துவைக்கலாம்."

அதன் பிறகு உறைபனி விழுந்து உருளைக்கிழங்கு கருகியதற்கும், துணி துவைக்க விடாததால்தான் என்று ஊரார் அவளைத்தான் திட்டினார்கள். எனக்கும் கோபம்தான். செத்தவனை உள்ளேயும் விடாமல் வெளியேயும் விடாமல் வாசலிலேயே நிற்க வைத்திருக்கிறாளே என்று. அவன் எனக்கும் வேண்டியவன் இல்லையா?

அதனால்தான், சமையலுக்கு வருகிறேன் என்று அவளே கேட்டு, முதுகில் ஒரு மூட்டையும் கட்டிக்கொண்டு வந்தபோது எனக்கு மனம் லேசானது. மூட்டை கட்டியிருந்த போர்வையின் மடிப்பில் ருஃபினோவின் சிவப்பு ஜாக்கெட் தெரிந்தது. ஒருவழியாக மனசு இறங்கிவிட்டது என்று நினைத்தேன். சாந்தா தெரேசாவில் சைக்கிள்களை விட்டுவிட்டு நடக்கத் தொடங்கும் முன், கடையில் ஒரு சோப்பு வாங்கினேன்.

"உங்களுக்கா சோப்பு? ஆறு தாங்குமாண்ணே?" என்றாள் கசில்தா. எத்தனையோ மாதத்துக்குப் பிறகு அவள் கிண்டல் பேசியது அப்போதுதான்.

தண்டவாளத்தை ஒட்டியே நடை. ஒரு பக்கம் காடு, மறுபக்கம் ருஃபினோவைக் கொண்டுபோன அதே ஆறு இரைந்தது. பிள்ளைகள் வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்து உட்கார்ந்து வந்தார்கள். அவள் நிற்கவே இல்லை. அவர்களில் ஒருவன் மூட்டையைத் தூக்கிக்கொள்கிறேன் என்று கை நீட்டினான். அவள் வெடுக்கென்று திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் மலையேறி மச்சு பிச்சுக் கல் நகரத்துக்குப் போனோம். பிள்ளைகள் வாயைப் பிளந்துகொண்டு அங்கும் இங்கும் ஓடினார்கள். கசில்தா ஒரு சுவரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை.

"உன் பாட்டன் பூட்டன் கட்டினது. கொஞ்சமாவது பாரேம்மா."

"கல்லு நம்ம வயல்லயும் கிடக்கு. ஆறு எந்தப் பக்கம்ணே?"

விளிம்புக்குக் கூட்டிப் போனேன். கீழே, பார்த்தாலே தலை சுற்றுகிற ஆழத்தில், ஆறு மலையை வளைத்துக்கொண்டு ஓடியது. அவள் உட்கார்ந்து மூட்டையைப் பிரித்தாள். ஜாக்கெட், சட்டை, காற்சட்டை, கம்பளிக் காலுறை எல்லாம் மடிப்புக் கலையாமல் இருந்தன.

"இங்கிருந்து பார்த்தா ஆறு மொத்தமும் தெரியும்னு அவரு சொல்லுவாரு. தேடினவங்க எல்லாரும் கரையில நின்னுதானே தேடினாங்க. மேல வந்து யாரு பார்த்தா?"

எனக்குப் புரியவில்லை. "அப்ப இந்தத் துணி?"

"கிடைச்சா போட்டுக்க வேணாமா? உடம்புல இருந்ததை எல்லாம் ஆறு உரிச்சிருக்கும். அப்படியே எப்படிண்ணே ஊருக்குக் கூட்டிட்டுப் போறது?"

என் பையில் சோப்பு. அவள் மடியில் உடுப்பு. இத்தனை தூரம் ஒரே பாதையில் வந்தும், நான் அவனை வழியனுப்ப வந்திருந்தேன், அவள் அழைத்துப் போக வந்திருந்தாள்.

மேகம் விலகும்போதெல்லாம் அவள் விரல் நீண்டது.

"அதோ, கறுப்பா."

"பாறைம்மா."

"பக்கத்துல கிடக்கிறது?"

"அதுவும் பாறைதான்."

"அந்த வளைவுல, நுரைக்குள்ள?"

அவளே உற்றுப் பார்த்தாள், வெகுநேரம் பார்த்தாள். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டாள். துணிகளை ஒவ்வொன்றாக அடுக்கிக் கட்டி, மூட்டையை என் மடியில் வைத்தாள்.

"கீழ போகலாம்ணே."

பிள்ளைகளைச் சாப்பாட்டுக் கடையில் உட்கார வைத்துவிட்டு, பாலத்தைத் தாண்டி ஆற்றில் இறங்கினேன். வழக்கப்படி அவள் தண்ணீருக்கு முதுகு காட்டிக் கல்லில் உட்கார்ந்தாள். தண்ணீர் பனிக்கட்டி. ஜாக்கெட்டில் சோப்புப் போட்டதும் சாலைப் புழுதி பழுப்பாகக் கரைந்து போனது. அவன் வாடையும் அதோடு போயிற்று. நான் அழுதுகொண்டேதான் துவைத்தேன். அடுத்து அவன் சட்டையை எடுத்துக் கல்லில் வைத்துக் கும்மினேன்.

"அண்ணே" என்றாள், திரும்பாமலே. "இடது தோள் பக்கம் மெதுவாக் கசக்குங்க. அவருக்கு அங்க வலிக்கும்."

"சரிம்மா" என்றேன். சட்டையைக் கல்லிலிருந்து எடுத்துக் கையில் வைத்து மெதுவாகக் கசக்கினேன்.