ஆள் இல்லாத நாற்காலி

வெல்டர் தன் போனை, இரும்பைக் கவ்விப் பிடிக்கும் வைஸின் இரண்டு தாடைகளுக்கும் நடுவே நிறுத்தி, உடையாத அளவுக்கு மட்டும் முறுக்கியிருந்தார். திரையில், உட்கார்ந்தபடி இரும்புக் குண்டு எறிய அவர் செய்த நாற்காலி தெரிந்தது. பச்சை வண்ணம் அடித்த இரும்பு நாற்காலி, பிடித்துக்கொள்ள ஒரு செங்குத்துக் கம்பி, மேலே மெத்தை. அதற்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் அவர் மனைவி. அவருக்கும் அவளுக்கும் நடுவில் இரண்டு கடல்.

"மெத்தையோட சேத்து உயரம் எழுபத்தஞ்சு சென்டிமீட்டருக்கு மேல இருக்கக் கூடாதாம். ஒன்றரை கூட இருக்கு," என்றாள்.

"இருக்காது."

"போட்டி நடத்தறவங்க அளந்து காட்டினாங்க."

"நான் மூணு தடவ அளந்தேன். நீ உக்காந்திருக்கும்போதே குனிஞ்சு..."

நிறுத்திவிட்டார். அவளுக்குப் பின்னால் யாரோ இரும்பை இழுக்கும் சத்தம் கேட்டது.

"அவங்க ஆள் இல்லாம அளக்கறாங்க," என்றாள் மெதுவாக.

அவள் உட்கார்ந்தால் மெத்தை அமுங்கும். அமுங்கிய உயரத்தைத்தான் அவர் அளந்திருக்கிறார். அவள் மாடிப்படியில் விழுந்து இடுப்புக்குக் கீழே உணர்வு போனதிலிருந்து, வீட்டில் எதை அளந்தாலும் அவளை வைத்தே அளந்து பழக்கம். வாசல் அகலம், குளியலறை முக்காலி, அடுப்பு மேடை எல்லாமே அப்படித்தான். ஆள் இல்லாத நாற்காலியை அளக்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"அரை மணிக்குள்ள சரி பண்ணிக் கொண்டு வரச் சொல்றாங்க. இல்லன்னா பேர அடிச்சிடுவாங்களாம்."

பக்கத்து டயர் கடைக்காரர் கையைத் துடைத்துக்கொண்டே உள்ளே வந்து எட்டிப் பார்த்தார். "என்ன மாப்ள, குண்டு எறியறதுக்கு முன்னாடியே நம்மள எறிஞ்சுட்டாங்களா?"

வெல்டர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

மாற்றுத்திறனாளிகளுக்கான இந்த உலகப் போட்டிக்கு நாடு போவது இது ஐந்தாவது தடவை. முதல் தடவை போனவர்களில் ஒருவர்தான் இப்போதைய பயிற்சியாளர். எறிவதற்கென்று தனி நாற்காலி உண்டு என்பது அப்போது இங்கே ஒருவருக்கும் தெரியாது. விடுதிச் சாப்பாட்டு அறையிலிருந்து ஒரு நாற்காலியைக் கெஞ்சி வாங்கி, கயிற்றால் தரையோடு கட்டி, அதில் உட்கார்ந்து குண்டு எறிந்தார். கடைசி இடம். இரண்டாம் தடவை, விளையாட்டுச் சங்கத்துக்குத் தலைவர் யார் என்று இருவர் மல்லுக்கட்டியதில் யாருமே போகவில்லை. மூன்றாம் தடவை நீச்சலில் ஒரு வெண்கலம் வந்தது. அதுதான் இன்றுவரை ஒரே பதக்கம். வரவேற்க வந்த அமைச்சர், இரண்டு ஊன்றுகோலோடு நின்றவனிடம் பூங்கொத்தை எப்படிக் கொடுப்பது என்று விழித்துவிட்டு, பக்கத்திலிருந்த அதிகாரியிடம் கொடுத்துவிட்டுப் போனார். மறுநாள் பேப்பரில் அதிகாரியின் படம் வந்தது. போன தடவை இரண்டு வீரர்கள், ஒன்பது அதிகாரிகள். "எறியறதுக்கு ஆள் பத்தலன்னா அதிகாரியத் தூக்கி எறியலாம்னு கூட்டிட்டுப் போனாங்க," என்று டயர் கடைக்காரர் அப்போது சொன்னது தெருவில் இன்னும் ஓடுகிறது.

இந்தத் தடவைதான் முதன்முதலாக ஒரு பெண் போகிறாள். துணைக்கு ஒருவர் போகலாம் என்றிருந்தது. அந்த இடத்தில் சங்கச் செயலாளரின் மச்சான் போயிருக்கிறார்.

"மச்சான் எங்க?" என்று கேட்டார் வெல்டர்.

"கடைத்தெருவுக்குப் போயிருக்காரு."

பயிற்சியாளரின் முகம் திரைக்குள் வந்தது. "தம்பி, சீக்கிரம் ஒரு வழி சொல்லு."

"அடி ரப்பரக் கழட்டுங்கண்ணே. நாலு கால்லயும் திருகுதான்."

கழற்றினார்கள். ஒரு சென்டிமீட்டர் இறங்கியது. இன்னும் அரை பாக்கி.

"கால அறுக்கணும்," என்றார் வெல்டர். "கால் விரிஞ்சு நிக்குது. நேரா அறுத்தா ஆடும். சாய்ச்சு அறுக்கணும். யாராவது மெஷின் வச்சிருந்தா நான் இங்கருந்து சொல்றேன்."

"ரிப்பேர் பண்ற இடம் இருக்கு தம்பி. வரிசையப் பாத்தா சாயங்காலம் ஆகும்."

மனைவி குறுக்கே வந்தாள். "எதுக்கு இவ்வளவு. மெத்தை ஃபோம்ல ஒரு பட்டைய உரிச்சிடலாம். கத்தி இருக்கு."

"வேணாம்."

"அரை சென்டிமீட்டருங்க."

"அளவா உரிக்க முடியாது. பட்டையா வந்தா மெத்தையே பாதி போயிடும். வேணாம்னு சொல்றேன்ல."

போன வருடம் இரண்டு மணி நேரப் பயிற்சியில் மெத்தை நகர்ந்துபோனதை அவள் அறியவில்லை. இரவில் துணி மாற்றும்போது அவர்தான் பார்த்தார். நாணயம் அளவுக்கு ஒரு சிவப்பு. பிறகு அது குழியானது. மாதக்கணக்கில் குப்புறக் கிடந்தாள். அவர் தினமும் மருந்துத் துணியை உள்ளே வைத்து அடைத்தார். அவள் சுவரைப் பார்த்தபடி ஏதாவது கதை பேசிக்கொண்டிருப்பாள். அவளுக்கு வலிக்கவில்லை. அவருக்கு அதுதான் பயம்.

"எல்லா எறியும் ஒரே மூச்சுல முடிஞ்சிடும்," என்றாள். "கொஞ்ச நேரந்தான்."

"சும்மா உக்காரறதா? இறுக்கிக் கட்டி, முறுக்கித் திரும்பி... தோல் கிழிஞ்சாக்கூட உனக்குத் தெரியாது."

"தெரியாதுதான்." அவள் கேமராவைப் பார்த்தாள். "எறியாம திரும்பி வந்தா அது தெரியுமே. அதுக்கு என்ன மருந்து வைப்பீங்க?"

அவர் வாயைத் திறப்பதற்குள் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். திரை ஒருமுறை கூரையைக் காட்டியது. பிறகு இணைப்பு போய்விட்டது.

திரும்ப அழைத்தார். எடுக்கவில்லை. பாதியில் நின்ற கேட் வேலை ஒன்று தரையில் கிடந்தது. கிரைண்டரை எடுத்து, ஏற்கெனவே தேய்த்த இடத்தையே தேய்த்தார். டயர் கடைக்காரர் இந்த முறை கேலி செய்யவில்லை. தன் போனில் நேரலையைத் தேடிப் பிடித்து, பட்டறை மேசையில் சாய்த்து வைத்தார்.

"தங்கச்சி வருது மாப்ள."

அப்படியென்றால் நாற்காலியை ஏற்றுக்கொண்டுவிட்டார்கள். வெல்டர் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். புரியாத மொழியில் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். நாட்டின் பெயரை மட்டும் தப்பாக உச்சரித்தது புரிந்தது. நாற்காலியைத் தரையோடு பட்டைகளால் இழுத்துக் கட்டினார்கள். வெல்டர் திரைக்கு மிக அருகே குனிந்தார். கால்களை அறுத்திருந்தால் அடியில் வெறும் இரும்பு பளபளக்க வேண்டும்.

கேமரா ஒரு கணம் கீழே இறங்கியது. நான்கு கால்களும் தரைவரை பச்சையாக இருந்தன. மெத்தையைப் பார்ப்பதற்குள் கேமரா நகர்ந்துவிட்டது.

"என்ன மாப்ள, நல்லாத்தான நிக்குது?"

"நிக்குது."

அவளைத் தூக்கி வைத்தார்கள். தொடையில் பட்டை ஏறியது. பயிற்சியாளர் பலமாக இழுத்தார். இன்னொரு சுற்றும் இழுத்தார். அவள் குண்டை வாங்கி மடியில் வைத்தாள். பிறகு என்ன நினைத்தாளோ, அதைத் திரும்பப் பயிற்சியாளரிடம் கொடுத்துவிட்டு, பட்டையைக் கொஞ்சம் தளர்த்தச் சொன்னாள்.

எறியும்போது இருக்கையிலிருந்து எழும்பினால் தப்பு. அதற்கு முன்னால் எழும்பலாம். இரண்டு பக்கமும் உள்ளங்கைகளை ஊன்றி, உடம்பைத் தூக்கி, அடியில் ரத்தம் ஓடவிட வேண்டும். அந்தப் புண்ணுக்குப் பிறகு அவர் வேளைதோறும் சொல்லிச் சொல்லி, அவள் சலித்துப்போய்ச் செய்தது.

கையை ஊன்றினாள். தோள்கள் ஏறின. உடம்பு மெத்தையை விட்டு மேலே வந்தது.

பட்டறையில் வெல்டரும் மேசையில் இரண்டு கைகளையும் ஊன்றி முக்காலியிலிருந்து எழும்பியிருந்தார்.

எறியலாம் என்று கொடி காட்டினார்கள். அவள் இறங்கி உட்கார்ந்து குண்டைக் கழுத்தோரம் வைத்துக்கொண்டாள். அவர் இன்னும் உட்காரவில்லை.