டஸ்டர் யார் கையில்

இரண்டு நாள் பயிற்சிக்குப் போய்வந்ததில் கணக்கு வாத்தியாரான நான் 'வட்டம் வாத்தியார்' ஆகிவிட்டேன். தண்டனை கூடாது, சண்டை போட்ட பிள்ளைகளை வட்டமாக உட்காரவைத்துப் பேசவிட வேண்டும். டஸ்டர் கையில் இருப்பவர் மட்டுமே பேசலாம். இந்த விதியை விளக்க, டஸ்டரைப் பிடித்தபடி நானே இருபது நிமிடம் பேசினேன். என் மனைவி பார்த்திருந்தால் அதைப் பிடுங்கி ஒளித்துவைத்திருப்பாள்.

எதிரே ஒன்பதாம் வகுப்பு மாணவிகள் இருவர். நெட்டை, முன்பெஞ்சுக்காரியின் கணக்கு நோட்டைத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிவிட்டாள். சமாதானம் ஆகாவிட்டால் நெட்டையைப் பள்ளியை விட்டே அனுப்பிவிடுவதாகத் தலைமையாசிரியை சொல்லியிருந்தார். அவளைக் காப்பாற்ற வந்த புண்ணியவான் நான்.

“யாரால உன் மனசு கஷ்டப்பட்டுது? என்ன செஞ்சா சரியாகும்? பயப்படாம சொல்லும்மா” என்று நெட்டையிடம் டஸ்டரை நீட்டினேன்.

“இவ மேல கோபம் அப்புறம்தான் சார் வந்துச்சு. மொதல்ல உங்க மேலதான்.”

வாயைத் திறந்தேன். டஸ்டர் அவள் கையில். சொந்தச் செலவில் சூனியம் வைத்துக்கொள்வது என்பார்களே, அது இதுதான்.

“பேப்பர் குடுக்கறப்ப, ‘உன் உயரத்துல பாதியாவது மார்க் வாங்கக் கூடாதா’ன்னு கேட்டீங்க. கிளாஸே சிரிச்சுது. இவ ஒரு வாரமா அதையே சொல்லிக் காட்டினா. நோட்ட நனைச்சது தப்புதான், நானே எழுதிக் குடுத்துடறேன். நீங்க இங்க ஸாரி சொல்ல வேணாம் சார். அங்கதானே சொன்னீங்க, அங்கயே சொல்லுங்க.”

“நானும் சொல்லியிருக்கக் கூடாது. சேர்ந்தே எழுதலாம்” என்று டஸ்டரை வாங்கி முணுமுணுத்த முன்பெஞ்சுக்காரி, அதை என்னிடம் தந்தாள்.

வகுப்பிலேயே சொல்வதாகத் தலையாட்டினேன். அந்த ‘ஜோக்’கை ஆசிரியர் அறையிலும் இரண்டு முறை சொல்லிச் சிரித்தவன் நான். இதோ, உங்களிடம்கூட அவளை நெட்டை என்றுதானே சொல்லிக்கொண்டு வந்தேன். வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை, நாற்பது பேர் முன்னால் மன்னிப்புக் கேட்டேன். கடைசி பெஞ்சில் எவனோ சிரித்தான். அந்தப் பெண் திரும்பி ஒரு முறை முறைத்தாள், அடங்கிவிட்டான்.

வட்டம் முடிந்தால் ஒரு படிவம் நிரப்ப வேண்டும். ‘தவறு செய்தவர்கள்’ என்ற இடத்தில் முதலில் என் பெயரை எழுதிக் கொடுத்தேன். தலைமையாசிரியை இரண்டு முறை படித்தார். அந்தப் பெண்ணுக்காகத் தயாராக வைத்திருந்த நீக்கக் கடிதத்தைக் கிழித்துக் கூடையில் போட்டார்.

“அப்போ யார சார் ஸ்கூல விட்டு அனுப்பறது?”

“வட்டமா உக்காந்து பேசி முடிவு பண்ணலாம் மேடம்.”

“பேசலாம். டஸ்டர் மட்டும் அந்தப் பொண்ணு கையிலயே இருக்கட்டும்.”