ஓரின் டெஃப்ட் பெயருக்கு எதிரே

எங்கள் இண்டியானா தொண்டர் காலாட்படையின் வரலாற்றை எழுதும் வேலை என் தலையில் விழுந்ததற்கு என் கையெழுத்துதான் காரணம். அமெரிக்க உள்நாட்டுப் போரில் இடக்கை போனது. எழுதும் கை மிஞ்சியது. அப்போது நான் எங்கள் அணியின் எழுத்தர்.

பெயர்ப்பட்டியலைப் படியெடுக்கும்போது ஓரின் டெஃப்டின் பெயரில் பேனா நின்றுவிட்டது. எதிரே ‘தப்பியோடியவன்’ என்று இருந்தது. எழுதியவன் நானே.

1862 அக்டோபரில் கென்டக்கியில் முகாமிட்டிருந்தோம். மனைவி லவீனா காய்ச்சலில் சாகக் கிடப்பதாக ஓரினுக்குக் கடிதம் வந்தது. விடுப்புக் கேட்டான், கேப்டன் மறுத்தார். மறுநாள் ஆளைக் காணோம். கேப்டன் சொன்னபடி எழுதினேன். ஆறாம் நாள் காலை, சண்டை தொடங்கும் நேரத்தில், செருப்புக் கிழிந்து வந்து நின்றான். “முதல்ல துப்பாக்கிய எடு, மத்தத அப்புறம் பாத்துக்கலாம்” என்றார் கேப்டன். பத்து மணிக்கு அவர் குண்டுபட்டு இறந்து விழுந்தார். மதியத்துக்குள் சோளக்காட்டு வேலியோரம் ஓரினும் விழுந்தான். அதே சண்டையில் கை போய் நான் மருத்துவமனையில் கிடந்தேன். பிறகும் அந்த வரியைத் திருத்தவில்லை. முதலில் வலி, அப்புறம் சோம்பல், கடைசியில் வெட்கம்.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழித்து, எஞ்சியவர்கள் தேவாலயக் கூடத்தில் கூடிய அன்று, மொச்சைச் சாறும் காப்பியும் ஆனபின் இதைச் சொல்லி, அந்த வரியைத் திருத்த வேண்டும் என்றேன். சார்ஜென்ட் வோல்காட் தம்பியை அதே வேலியோரம் பறிகொடுத்தவர். ஆறு நாள் ஓடியவனையும் ஓடாதவனையும் ஒரே பக்கத்தில் போடக் கூடாது என்றார். “இத்தன வருசமா ஒம் பேனாவுல மை இல்லையாக்கும்?” என்று என்னையும் குத்தினார்.

பெண்கள் வரிசையிலிருந்து, அந்தக் காய்ச்சலில் பிழைத்துக்கொண்ட லவீனா எழுந்தாள். ஓடிப்போனவன் பெண்டாட்டி என்ற பேச்சை ஊரில் அத்தனை காலம் வாய்திறக்காமல் சுமந்தவள்.

“அவரு திரும்பிப் போகணும்னு நெனைக்கல, சார்ஜென்ட். நான் பொழைக்கிற வரைக்கும் கூடவே இருக்கேன்னாரு. நாந்தான் விரட்டுனேன். அவங்களோட சேந்து பட்டாளத்துல கையெழுத்துப் போட்டுட்டு அவங்கள விட்டுட்டு இங்க உக்காந்தா, நாளைக்கு யாரு மூஞ்சில முழிப்பீங்கன்னு கேட்டேன். போயிட்டாரு.”

வோல்காட் காப்பிக் குவளையைத் தள்ளி வைத்தார். பிறகு, அன்று வேலிக்கு அந்தப் பக்கத்திலிருந்து தம்பியை இழுத்து வந்து கிடத்தியது யாரென்று தனக்கு இன்றுவரை தெரியாது என்றும், கால் முழுக்க ரத்தமாக ஒருவன் என்று மட்டும் கேள்விப்பட்டதாகவும் சொன்னார். அது ஓரின்தானா என்று யாராலும் உறுதி சொல்ல முடியவில்லை. லவீனாவும் அப்படிச் சொல்லிக்கொள்ளவில்லை.

“போனான்னு எழுது. வந்தான்னும் எழுது,” என்றார் வோல்காட்.

அப்படியே எழுதினேன். திருத்தாமல் விட்டது என் தவறு என்பதையும் சேர்த்தேன். அரசுப் பதிவேட்டில் அந்தச் சொல்லை அடிக்க இன்னும் நான்கு ஆண்டுகள் மனுப் போட வேண்டியிருந்தது. ஒவ்வொரு மனுவிலும் முதல் சாட்சியாகக் கையெழுத்திட்டவர் வோல்காட்.