உள்ளங்கை அச்சு

கத்திரிப்பூ நிறக் கட்டி ஒன்றைப் பல் டாக்டர் கண்ணாடி மேஜைமேல் வைத்ததும், மைக் கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு குனிந்து பார்த்தார்.

"என்ன சார் இது, கத்திரிக்காயா?"

"இல்லைங்க. என் சம்சாரத்தோட கை."

கடைக்காரர் ஓர் எட்டுப் பின்னால் போனார்.

"கைன்னா கை இல்ல. கைக்குள்ள இருக்கற காலி இடம்" என்று டாக்டர் திருத்தினார். திருத்தியது முதலில் சொன்னதைவிட மோசமாகப் போய்விட்டதென்று அவருக்கே தெரிந்தது. "அவ மவுத் ஆர்கன் வாசிப்பா. மைக்கையும் சேர்த்து ரெண்டு கையாலயும் பொத்திப் பிடிச்சுத்தான் வாசிக்கணும். இடுக்கு வழியா காத்து போனா சத்தம் செத்துடும். இப்ப கை மெலிஞ்சு போச்சு. பழைய மைக் பிடியில நிக்க மாட்டேங்குது. கடைக்கு வர்ற நிலைமையில இல்ல. அதான் அளவெடுத்துட்டு வந்தேன்."

கடைக்காரர் அருகே வந்து கட்டியை விரல் நுனியால் தொட்டார். நாலு பக்கமும் விரல் தடங்கள். ஒரு புறம் உள்ளங்கை ரேகை. மோதிரத்தின் பள்ளம்கூட இருந்தது.

"செருப்புக் கடைக்குக் காலை வரைஞ்சு எடுத்துட்டு வருவாங்க, பார்த்திருக்கேன்" என்றார். "மைக்குக்கு அளவு இப்பத்தான் பார்க்கறேன். என்ன வேலை சார் நீங்க?"

"பல்லு."

"அதானே!" என்றார் கடைக்காரர், எல்லாம் விளங்கிவிட்டதுபோல.

அளவெடுத்தது முந்தின நாள் மாலை. கட்டிலில் முதுகுக்குத் தலையணைகளை அடுக்கி அவளை உட்கார வைத்து, மவுத் ஆர்கனை இரண்டு கைக்கும் நடுவில் கொடுத்து, பல் அச்சு எடுக்கும் மாவைப் பிசைந்து கைக்குழிக்குள் அடைத்தார் டாக்டர். அடைத்துவிட்டு, பழக்க தோஷம், "ம், நல்லாக் கடிங்க" என்றார்.

"எதை?" என்றாள் அவள்.

"சாரி. அழுத்துங்க. அசையக் கூடாது. கொஞ்சம் பொறுத்துக்குங்க, ஆயிடுச்சு."

"இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான் எனக்கு இந்த வீட்ல மரியாதை கிடைக்குது. முன்னாடியே பல்லு வலின்னு வந்திருக்கலாம்."

சிரிப்பு வந்து இருமலாக முடிந்தது. ஆனாலும் கையை அசைக்கவில்லை. மோதிரம் கழன்று கழன்று விழுகிறதென்று அவள் தங்கை அதில் நூல் சுற்றிக் கொடுத்திருந்தாள். மாவு இறுகும்வரை டாக்டர் அந்த நூலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வாசிக்க வேண்டுமென்று அவள் கேட்கவில்லை. கேட்டது அவர்தான். மூச்சு கெட்டதிலிருந்து வீட்டில் அந்தச் சத்தம் நின்றுபோயிருந்தது. அதற்கு முன் எத்தனையோ மாலைகள், கிளினிக் முடிந்து வந்தால் உள்ளே போகாமல் படிக்கட்டிலேயே நின்று கேட்பார். உள்ளே போனால் அவள் வாசிப்பதை நிறுத்திவிட்டு, "வந்துட்டாரு கொறடு" என்பாள். அதற்குப் பயந்து படிக்கட்டில் நின்றவர், இப்போது அந்தப் படிக்கட்டில் நிற்கவே பயந்தார். ஒரு நாள் வெட்கத்தை விட்டுக் கேட்டுவிட்டார்: "ஒரே ஒரு தடவை வாசிக்கறியா?"

அவள் தன் கைகளை விரித்துப் பார்த்துக்கொண்டாள். "கைக்கு அடங்கற மைக் வாங்கிட்டு வாங்க. வாசிக்கறேன்" என்றாள்.

கடைக்காரர் மூன்று மைக்குகளை எடுத்து வைத்து, சின்ன ஆம்ப்ளிஃபயர் ஒன்றை உயிர்ப்பித்தார். டாக்டர் வீட்டுக்குப் போன் போட்டார். மச்சினி எடுத்து அக்காவின் காதில் வைத்தாள்.

"சொல்லுங்க டாக்டரே."

"மூணு இருக்கு. ஊதிக் காட்டறேன், எதுன்னு சொல்லு."

"ஊதப் போறது யாரு?"

"நான்தான். கடைக்காரர் பக்கத்துல நிக்கறதே பெரிய விஷயம்."

அவளுடைய டப்பாவிலிருந்து ஒரு மவுத் ஆர்கனைக் கொண்டுவந்திருந்தார். பாடுகிறவர்கள் பிடிக்கும் நீளமான மைக்கோடு அதைச் சேர்த்துப் பொத்தி ஊதினார்.

"இது வாசிப்பா, பேஷண்ட் கத்தறாங்களா?"

"மைக்கைப் பத்திச் சொல்லும்மா."

"ரொம்பச் சுத்தமா இருக்கு. நீங்க எச்சில் முழுங்கறது வரைக்கும் கேக்குது. வேணாம்."

இரண்டாவது, ஸ்கூட்டரின் முன்விளக்கைப் பிடுங்கிக் கையில் கொடுத்ததுபோல உருண்டையாகக் கனத்தது. ஊதினார். ஆம்ப்ளிஃபயர் அடித்தொண்டையில் உறுமியது. அந்தப் பக்கத்திலிருந்து கேலி எதுவும் வரவில்லை.

"இருக்கியா?"

"இன்னொரு தடவை. ஊதாதீங்க, உள்ள இழுங்க. மெதுவா."

இழுத்தார். அவர் இழுத்ததற்கே சத்தம் கொஞ்சம் வளைந்து குழைந்தது.

"இதுதான்" என்றாள். "அழுதுட்டு வந்து, முகம் கழுவிட்டுப் பேசற குரல்."

டாக்டர் அதைக் கட்டியின் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். பூசணியும் கத்திரிக்காயும். "உன் கைக்கு அடங்காதும்மா. மூணாவதைக் கேளு. அளவு அப்படியே இருக்கு. ஒண்ணாப் பொறந்த மாதிரி."

ஊதினார்.

"கொசு."

"போன்ல எல்லாமே கொசு மாதிரித்தான் கேக்கும்."

"போன் கொசுவைக் கழிச்சுட்டுத்தான் சொல்றேன். இது சொந்தக் கொசு." மூச்சு வாங்கியது. டாக்டர் காத்திருந்தார். "பெரிசோட குரலும் சின்னதோட உடம்பும் சேர்ந்து கிடைக்குமான்னு கேளுங்க. எங்கப்பா மாப்பிள்ளை தேடினப்பவும் இதேதான் கேட்டேன். கிடைக்கல."

போன் ஒலிபெருக்கியில் இருந்தது. கடைக்காரர் முதன்முறையாகச் சிரித்தார். போனைப் பார்த்து, "இது கிடைக்கும்மா" என்றார். "பெரிசோட உயிரைக் கழட்டி சின்னதோட கூட்டுல வச்சுடலாம். கொஞ்சம் ராவணும், ஈயம் வைக்கணும். சார் உட்கார்ந்திருந்தா கையோட கொடுத்துடுவேன்."

"நாளைக்கு வந்து வாங்கிக்கறேனே" என்றார் டாக்டர். கால் ஏற்கெனவே வாசலைப் பார்த்துத் திரும்பியிருந்தது.

"இருந்து வாங்கிட்டே வாங்க" என்றாள் அவள். "உங்களை நம்பி அனுப்பினா பாதியில வந்து நிப்பீங்க. அரைப் பல்லு கட்டி அனுப்பற புத்தி."

"நான் யாருக்கு அரைப் பல்லு கட்டினேன்?"

"இருங்கன்னா இருங்க, டாக்டரே."

இருந்தார். கடைக்காரர் பெரிய மைக்கைத் திறந்து, உள்ளிருந்து ஒரு வட்ட வில்லையைச் சாமணத்தால் பூப்போல எடுத்தார். "வெயிலும் ஈரமும் ஆகாது இதுக்கு. வெயில்ல விட்டா ஊமையாயிடும்" என்றார். டாக்டர் தலையாட்டினார். அவர் வேலையிலும் ஏறக்குறைய இதே சாமணம்தான். வேறொருவர் கையில் அதைப் பார்த்துக்கொண்டு, வாயைத் திறந்தபடி காத்திருப்பது எப்படி இருக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

ஈயம் உருகி மணத்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. மச்சினி.

"அத்தான்" என்றாள். அப்புறம் அழுகை மட்டும் கேட்டது.

டாக்டர் எழுந்தார். கடைக்காரர் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு ஈயக்கோலைத் தாங்கியில் வைத்தார். "போங்க சார். முடிச்சு நானே கொண்டாந்து தரேன்." டாக்டர் கட்டியை மட்டும் எடுத்துச் சட்டைக்குள் போட்டுக்கொண்டு ஓடினார்.

அவள் சாய்ந்தபடியே இருந்தாள். மடியில் ஒரு மவுத் ஆர்கன்.

"எடுத்துக் கொடுன்னா, கொடுத்தேன்" என்றாள் மச்சினி. "வாசிக்கல. துடைச்சா. நீங்க காலையில கிளம்பிப் போனதும், 'அப்பாடா, ஆள் வெளிய போயாச்சு'ன்னு சிரிச்சா அத்தான். நீங்க ஒரு நாளாவது வெயில்ல நடக்கணுமாம். எம்பக்கத்துலயே உக்காந்து உக்காந்து வெளுத்துட்டாருன்னா."

டாக்டர் கட்டிலருகே உட்கார்ந்தார். மோதிர விரலில் நூல் லேசாக அவிழ்ந்திருந்தது. சுற்றிவிட்டார்.

மறுநாள் கூடத்தில் நாற்காலிகள் போட்டு ஆட்கள் நிறைந்திருந்தார்கள். கடைக்காரர் சலவைச் சட்டையில் வந்தார். காகிதத்தில் சுற்றிய மைக்கை எங்கே வைப்பதென்று தெரியாமல் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றார். மச்சினிதான் வாங்கி, அக்காவின் ஆம்ப்ளிஃபயர்மேல் வைத்தாள். வேலை செய்கிறதா பார்ப்போமென்று சொருகியும் விட்டாள்.

அதை அவள் எடுப்பதற்குள் பெரியப்பா எடுத்துவிட்டார். அவளுடைய பெரியப்பா. மைக்கைக் கண்டால் சும்மா இருந்து அறியாதவர்.

"இந்தத் துக்ககரமான வேளையிலே..." என்று ஆரம்பித்தார்.

ஆம்ப்ளிஃபயரிலிருந்து வந்தது பெரியப்பா இல்லை. பானைக்குள் உட்கார்ந்த தவளை ஒன்று, அழுதுவிட்டு வந்து முகம் கழுவிக்கொண்டு, கரகரவென்று துக்கம் விசாரித்தது. பெரியப்பா திடுக்கிட்டு மைக்கைப் பார்த்தார். தட்டினார். இடி இடித்தது. "என் தம்பி மகள்..." என்றார். தவளையும் தேம்பியது.

முதலில் யார் சிரித்தார்கள் என்று தெரியவில்லை. மச்சினி வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. கடைக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். "இது பேசற மைக் இல்லைங்கய்யா" என்று அவர் மெல்லச் சொன்னதும் அதில் போய், தவளைக்குத் தம்பி ஒன்று பேசியதுபோல் கூடம் முழுக்கக் கேட்டது. அதற்குப் பிறகு அடக்க முடியவில்லை. சாவு வீடு என்பதையும் மறந்து கூடமே சிரித்தது. சிரித்தவர்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். எதற்குத் துடைத்தார்கள் என்று யாரும் யாரையும் கேட்கவில்லை.

டாக்டர் மட்டும் சிரிக்கவில்லை. இந்த நேரத்தில் ஒரு குரல் வரும், எல்லோரையும் தூக்கியடிக்கும் ஒரு வார்த்தையைச் சொல்லும் என்று, நடுவில் கிடந்தவளின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நேரம் கொடுத்தும் பார்த்தார். வரவில்லை.

எல்லாம் முடிந்து, வந்தவர்கள் போய், மச்சினியும் ஊருக்குக் கிளம்பிய மறுநாள் காலையில் டாக்டர் கிளினிக்கைத் திறந்தார். வீட்டில் இருந்தால் படிக்கட்டு இருந்தது. கையில் ஒரு பை. பைக்குள் மைக்கும் கட்டியும்.

கட்டியை மேஜையில் வைத்து இரண்டு கையாலும் பொத்திப் பார்த்தார். பொருந்தவில்லை. அவர் விரல்கள் தடித்தவை. அவள் விரல் கிடந்த பள்ளங்களை மேலேறி மூடிக்கொண்டு நின்றன. அதுவுமில்லாமல், இது அவள் பிடித்துக்கொண்டிருந்த பொருள். அவள் கை அதற்கு வெளியே இருந்தது, இப்போது தன் கை இருக்கும் இடத்தில். அந்தக் கையைப் பிடிக்க வேண்டுமானால் இதில் வழியில்லை.

அப்போதுதான் அவருக்கு உறைத்தது. தினமும் கடிக்கச் சொல்லி அச்சு எடுக்கிறவனுக்கு, அச்சு எடுத்த பிறகு என்ன செய்வதென்றா தெரியாது? 'படிச்சவரு' என்று அவள் சொல்லும் தொனி காதில் விழுந்தது.

ரப்பர்க் கிண்ணத்தில், பல் அச்சுக்குள் வார்க்கும் சுண்ணப்பொடியைக் கொட்டித் தண்ணீர் விட்டுக் கலக்கினார். குமிழ் இல்லாமல் கிண்ணத்தைத் தட்டித் தட்டிக் கலக்கினார். ஓர் அட்டைப் பெட்டியில் கட்டியைப் படுக்க வைத்து, உள்ளங்கை ரேகை இருந்த பாதிமேல் மெதுவாக, ஓரத்திலிருந்து வழிய விட்டார். இறுகும்வரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பிறகு அட்டையைப் பிரித்துக் கட்டியை மெல்ல உரித்தெடுத்தார்.

வெள்ளையாக ஒரு குழிந்த உள்ளங்கை, வளைந்த விரல்களோடு வந்திருந்தது. ரேகைகள் வந்திருந்தன. மோதிரம் வந்திருந்தது. மோதிரத்தின்மேல் சுற்றிய நூலும், சுற்றுச் சுற்றாக.

பையிலிருந்து மைக்கை எடுத்து அதில் வைத்தார். இம்மி இடுக்கில்லாமல் போய் உட்கார்ந்தது. கடைக்காரர் பார்த்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்துவிட்டு, எடுத்து ஓரமாக வைத்தார்.

அந்த இடத்தில் தன் கையை வைத்தார்.

சுண்ணம் இறுகும்போது சூடாகும். அவருக்கு அது புதிதல்ல. எத்தனையோ பேருடைய பல்வரிசைகள் அவர் கையில் இப்படிச் சூடாகி ஆறியிருக்கின்றன. வேதியியல்தான், வேறொன்றுமில்லை.

கதவு தட்டப்பட்டது. "டாக்டர், உள்ள வரலாங்களா? ராத்திரி பூரா தூங்கல, கடவாய்ப் பல்லு" என்றது ஒரு குரல்.

"கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றார் டாக்டர். "ஆயிடுச்சு."

கையை எடுக்காமல், அது ஆறும்வரை உட்கார்ந்திருந்தார்.