பதினோரு நிமிட வேலை

மூவாயிரத்துச் சொச்சம் படங்கள். வீட்டுக் கேமராவில் எடுத்தவற்றில் பாதி பக்கவாட்டில் படுத்துக் கிடந்தன. மூத்த மருமகள் மூன்று வாரமாக, சமையலுக்கும் துணிக்கும் நடுவே, ஒவ்வொன்றாகத் திறந்து, திருப்பி, சேமித்து, நானூறைத் தாண்டியிருந்தாள். கழுத்து பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். இளையவள் வந்து உட்கார்ந்தாள், கணினி தானே செய்யும்படி இருபது வரியில் ஒரு ஸ்கிரிப்ட் எழுதினாள், பதினோரு நிமிடத்தில் எல்லாம் முடிந்தது.

"முகம் எங்க இருக்குன்னு அதுவே தேடிப் பிடிச்சு, படத்த நிமித்திடும் அத்தை."

"மூளைன்னா இது," என்றாள் மாமியார். பன்னிரண்டு வருடத்தில் மூத்தவளுக்கு அந்த வீட்டில் கிடைக்காத வார்த்தை. வயிறு எரிந்தது, மறைப்பானேன்.

"எதுக்கும் ஒரு தடவ பாத்துடுங்கக்கா. நாளைக்கு எல்லாரும் வர்றாங்க."

மாமனார் போய் ஒரு வருடம். சொந்தபந்தம் கூடும்போது கூடத்துச் சுவரில் படங்களை ஓடவிடுவதாக ஏற்பாடு. மூத்தவள் பொறுமையாகப் பார்த்துக்கொண்டே வந்தாள். கடைசிக்கு முந்தியதாக இருந்தது அது. பெட்டியில் கிடத்தியிருந்த மாமனாரின் முகத்தைப் பிடித்து, ஸ்கிரிப்ட் அவரை நிமிர்த்தி நிறுத்தியிருந்தது. பெட்டியோடு, மாலையோடு, கண்மூடி நின்றார். சுற்றி அழுதவர்கள் எல்லோரும் குறுக்கே படுத்திருந்தார்கள். ஒரு சொடுக்கு போதும், சரியாகிவிடும். நானூறு தடவை சொடுக்கிய விரலை அவள் மடக்கிக்கொண்டாள்.

"எல்லாம் சரியா இருக்கு," என்றாள்.

மறுநாள் முதலில் சிரித்தது குழந்தைகள்தான். "தாத்தா நிக்கிறாரு!" பெரியவர்களில் யாரோ இருமலுக்குள் சிரிப்பை ஒளித்தார்கள். இளையவள் ஓடிப்போய்ப் பதற்றத்தில் எதையோ அழுத்த, படம் அங்கேயே நின்றுவிட்டது.

"சின்னவளே, யாரு இத சரிபாத்தது?" என்றாள் மாமியார்.

இளையவள் மூத்தவளைப் பார்த்தாள்.

"நான்தான் அத்தை. கவனிக்கல," என்றாள் இளையவளே.

"படிச்ச திமிரு. செத்த மனுஷன நிக்கவெச்சு வேடிக்க காட்டுறியா?"

நாற்பது பேருக்கு நடுவே இதைக் கேட்கத்தான் மூத்தவள் காத்திருந்தாள். இனித்தது. இளையவள் தன்னைக் காட்டிக்கொடுக்கவில்லை என்பது சற்றுக் கழித்துத்தான் உறைத்தது.

இளையவள் படத்தை அணைக்கப் போனாள். "விடு, இருக்கட்டும்," என்றாள் மாமியார், குரல் இறங்கி. தலையை மெல்லச் சாய்த்தாள். தோளில் காது படும்வரை சாய்த்து, புருஷனைப் படுத்த நிலையில் பார்த்தாள்.

இளையவள் படத்தை நகர்த்தினாள். அடுத்ததில் மாமியார் தனியாக நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள், நேராக. எதிரே உட்கார்ந்து பார்த்த மாமியாரின் சாய்ந்த கழுத்து இன்னும் நிமிரவில்லை.